தையல் தோணி

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இப்பழமொழியை நாம் வகுப்பறையிலே எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம். ஆயினும், ஓடம் ஒன்றை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கட்டி, கல்முனைப் பெருந்தெருவிலே கடைக்காரரெல்லாம் எழுந்து நின்று பார்க்க, அதன் பின்னே துவிச்சக்கர வண்டியில் நாமே செல்லும் நாள் ஒன்று வருமென்று கனவிலும் எண்ணியதில்லை. அந்த ஓடத்தின் கதையையே இங்கு சொல்லப் புகுந்தோம். அதில் எமக்குப் பெருமை தருவது சிறிதே; நாணம் தருவது ஒன்றுண்டு. இரண்டையும் மறையாது சொல்வதே முறை.

நாம் பிறந்து வளர்ந்தது பாண்டிருப்பு. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பினால் பேர்பெற்ற ஊர். அதற்கு வடக்கே மருதமுனை; தெற்கே கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் தொடர்ந்து செல்லும். இவற்றுள் சில தமிழ் ஊர்கள், சில முஸ்லிம் ஊர்கள். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் செல்லும் பெருந்தெருவிலே பேருந்தில் வரும் புதியவர்க்கு ஓரூர் எங்கே முடிந்து மற்றையது எங்கே தொடங்குகிறதென்று தெரியாது. கோயிற் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும் மாறி மாறித் தோன்றுவதே அடையாளம். கிழக்கே கடல். மேற்கே வயல், வயலை அடுத்து வாவி. மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு, தன் தெற்கு முனையைக் கல்முனைப் பக்கத்து வயல்களுக்குள் நீட்டி முடிகிறது.

கல்லூரியிலே உயர்தர வகுப்பு மாணவர்க்குப் பௌதிகவியல் கற்பிப்பது எம் தொழில். மிதக்கும் பொருள் தன் நிறைக்குச் சமமான நீரை இடம்பெயர்க்கும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வந்தோமேயன்றி, எம் நிறையை ஒரு தோணி தாங்குமா என்று நாம் சோதித்ததில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் காலையிலே கடல் எம் ஊருக்குள் வந்தது. இலங்கையிலே மிகக் கூடுதலான உயிர்களை அன்று இழந்த மாவட்டம் அம்பாறையே. எமக்கு அப்பொழுது இருபதைக் கடந்த வயது. அன்று கண்டவற்றை இங்கு விரித்துரைக்க மனம் வரவில்லை. அதன் பின்பு பல்லாண்டுகளாக நீரிற் கால் வைக்காது, கடற்கரைக்குச் சென்றாலும் மணலோடு நின்று திரும்பிவிடுவோம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம்.

2018 ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளன்று, கல்முனைக்குடியிலுள்ள பழைய மாணவர் ஒருவரின் இல்லத்துக்கு விருந்துக்குச் சென்றிருந்தோம். வட்டிலப்பம் உண்டு கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது, வேலியோரத்திலே கவிழ்த்து வைக்கப்பட்ட நீண்ட பொருள் ஒன்று கண்ணிற் பட்டது. அதன் கீழிருந்து கோழியொன்று குஞ்சுகளோடு வெளிவந்தது. குனிந்து பார்த்தோம். அது ஒரு தோணி. பெருமரம் ஒன்றைக் குடைந்த அடி. அதன்மேல் இருபுறமும் ஒவ்வொரு பலகை. நீளம் பதினெட்டு அடி இருக்கும். ஆனால், பலகையையும் அடிமரத்தையும் இணைத்திருந்த இடத்திலே ஓர் ஆணியையேனும் காணோம். தும்புக் கயிற்றினால் சாக்குத் தைப்பதுபோல முனையிலிருந்து முனைவரை தைத்திருந்தார்கள். கயிறு பல இடங்களில் இற்றுத் தொங்கிற்று.

மாணவரின் பாட்டனார் எம் பின்னால் வந்து நின்றார். எழுபதைக் கடந்த மனிதர். மெலிந்த உடல், அகன்ற கை. "அது எங்கட வாப்பா தைச்ச தோணி, மாஸ்டர். சுனாமி அண்டைக்கு இது கிட்டங்கித் துறையில கிடந்தது. கடலில நிண்டதெல்லாம் போயிட்டுது. இது மட்டும் தப்பிச்சிது" என்றார். அதன் பிறகு உதவி நிறுவனங்கள் கொடுத்த கண்ணாடியிழைப் படகிலே பிள்ளைகள் இயந்திரம் பூட்டிக் கடலுக்குப் போகலாயினர். தோணி கோழிக்கூடாயிற்று.

அவ்விடத்திலே எமக்கு என்ன தோன்றிற்று என்று சொல்வது எளிதன்று. கடலை எதிர்கொள்ளும் துணிவு இல்லாதவனுக்கு வாவி ஒரு படியாக அமையலாம் என்று பட்டது போலும். "இதை விற்பீர்களா, காக்கா?" என்று கேட்டுவிட்டோம். அவர் நெடுநேரம் தோணியைப் பார்த்தார். பேத்திக்கு வீடு கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பது எம் கிழக்குக் கரையிலே தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். தாய்வழியாகக் குடி எண்ணுவதும் அவ்வாறே. சீமெந்துக்குப் பணம் வேண்டியிருந்தது. 18,000 ரூபாவுக்குத் தோணி எம்முடையதாயிற்று.

வீட்டிலே இச்செய்தி எவ்வாறு வரவேற்கப்பட்டது என்பதை வாசகர் ஊகித்துக் கொள்ளலாம். "கூரைக்கு ஓடு மாத்தக் காசில்லை, ஓட்டைத் தோணிக்குக் காசிருக்கோ?" என்றார் எம் இல்லாள். நாம் உடனே அமெரிக்க மாலுமி ஜோசுவா சுலோக்கத்தின் வரலாற்றைத் துணைக்கு அழைத்தோம். 1892 ஆம் ஆண்டிலே, தொழிலற்றிருந்த அவருக்கு நண்பர் ஒருவர் கப்பல் தருவதாகச் சொன்னார். மசச்சூசற்ஸ் மாநிலத்துப் பெயர்ஹேவன் என்ற ஊரிலே போய்ப் பார்த்தால், அது வயலின் நடுவே முட்டுக் கொடுத்து நிறுத்தப்பட்ட 'ஸ்பிறே' என்னும் பழங்கலம். அதனால் என்ன இலாபம் என்று ஊரார் கேட்டனர். அவரோ 13 மாதம் உழைத்து, 553 டொலர் 62 சதம் செலவிட்டு, ஏறக்குறைய எல்லாப் பலகைகளையும் மாற்றினார். 1895 இல் அதிற் புறப்பட்டுத் தன்னந்தனியே உலகைச் சுற்றி 1898 இல் திரும்பினார். அவ்வாறு செய்த முதல் மனிதர் அவரே. இதைக் கேட்டு எம் பன்னிரண்டு வயது மகள் கைகொட்டினாள். மறுநாள் பாடசாலை நூலகத்திலே தேடிப் படித்துவிட்டு வந்து, "அவர் பிறகு அதே கப்பலில போய்த் திரும்பி வரவேயில்லையாம், அப்பா. அதை ஏன் சொல்லேல்லை?" என்று தாய் கேட்கும்படி உரத்துக் கேட்டாள். வரலாற்றை அரைகுறையாகச் சொல்லும் ஆசிரியர்க்கு இது வேண்டும்.

பழுதான தோணியை உடனே நகர்த்த இயலாதாகையால் பெரியவரின் முற்றத்திலேயே வேலையைத் தொடங்கினோம். அங்கேதான் எம் முதற் பிழையும் நிகழ்ந்தது. கயிற்றுத் தையல் பழங்காலத்து ஏழ்மையின் அடையாளம், இரும்பாணியே உறுதி என்று எண்ணி, தச்சர் ஒருவரை அழைத்துப் பலகைகளை ஆணியால் அறையச் செய்தோம். பெரியவர் திண்ணையில் இருந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் தோணிக்குள் நீர் நிரப்பினோம். எங்கே ஒழுகுகிறதென்று அறிய அதுவே வழி. இரண்டாம் நாள் காலையிலே ஒரு பக்கத்துப் பலகை, ஆணி வரிசை வழியே நீளமாக வெடித்திருந்தது.

"ஆணி மரத்தைப் பிடிக்கும், மாஸ்டர். கயிறு மரத்தோட போகும்" என்றார் பெரியவர்.

பௌதிகவியல் ஆசிரியருக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் வேண்டுமா? மரம் நீரைக் குடித்தால் நார் செல்லும் திசையிலே நீளுவது மிகச் சொற்பம். குறுக்கே விரிவதே மிகுதி. காய்ந்தால் மீண்டும் சுருங்கும். இவ்வாறு நாளும் விரிந்து சுருங்கும் மரத்தை அசையாத ஆணி ஓரிடத்தில் நிறுத்திப் பிடித்தால், மரம் வேறு வழியின்றிப் பிளக்கும். உப்பு நீரில் இரும்பு துருப்பிடித்தாலோ, துரு முன்னிருந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு துளையை உள்ளிருந்தே நெருக்கும். கயிறு அப்படியன்று. மரம் விரியும்போது சற்றே நெகிழும். நீரில் நனைந்ததும் தானும் பருத்துத் துளையை அடைக்கும். இவையெல்லாம் எம் பாடநூலில் தனித்தனி அதிகாரங்களில் இருந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவதற்குப் பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒருவர் தேவைப்பட்டார்.

பின்னர் நூல்களைப் புரட்டியபோது, மொரொக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதாவும் இதையே எழுதி வைத்திருப்பதை அறிந்தோம். 1344 ஆம் ஆண்டிலே மாலைதீவிலிருந்து எம் தீவுக்கு வந்தவர் அவர். மாலைதீவுத் தும்புக் கயிற்றைப் பற்றிச் சொல்லுமிடத்து, இந்தியாவிலும் யேமனிலும் கப்பல்கள் இக்கயிற்றாலேயே தைக்கப்படுகின்றன என்றும், ஆணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துவிடும், தைத்த கப்பலோ நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும் என்றும் அவர் விளக்குகிறார். தும்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே கயிறு என்னும் நம் சொல்லின் வழிவந்தது. கட்டுமரம் என்ற பெயரும் அவ்வாறே உலகமெல்லாம் சென்றது. சொல் போன தூரத்துக்குச் சொல்லுக்குரிய தொழிலை நாம் காத்தோமா என்பதே கேள்வி.

ஆணிகளைக் கழற்றினோம். வெடித்த பலகையை நீக்கி, வேப்பம் பலகை புதிதாக வெட்டினோம். மாரி மழை தொடங்கிவிட்டதனால் நவம்பர் முதல் ஜனவரி வரை வேலை நின்றது. 2019 பெப்ரவரியிலே தையல் தொடங்கிற்று. அதைச் செய்து காட்டப் பெரியவரே முன்வந்தார். கூலி பேச நாம் வாயெடுத்தபோது வேறு பேச்சை எடுத்துவிட்டார்.

தையலின் முறையை இளைஞர் அறியும்பொருட்டுச் சற்று விரித்துரைப்போம். பலகையின் விளிம்பிலும் அடிமரத்தின் விளிம்பிலும் நேருக்கு நேராகக் கைத்துறப்பணத்தால் துளையிட வேண்டும். இரு விளிம்புகளும் சந்திக்கும் கோட்டின்மேல் தும்பை முறுக்கித் திரிபோலக் கிடத்தி, அதன் மேலாகக் கயிற்றை இருபுறத் துளைகளிலும் மாறி மாறிக் கோக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணியையும் ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் இருந்து, கட்டையைச் செருகி நெம்பி இறுக்குவர். தனியொருவரால் இயலாத தொழில் இது. உள்ளே இருப்பவர் இழுக்கும்போது வெளியே இருப்பவர் பிடித்துக்கொள்ளாவிட்டால் கயிறு தளர்ந்துவிடும். கயிறும் எந்தக் கயிறும் ஆகாது. பச்சை மட்டையை உவர் நீரில் மாதக்கணக்காக ஊறவைத்து அடித்தெடுத்த தும்பில் திரித்ததாக இருத்தல் வேண்டும். இறுதியிலே, துளைகளைத் தும்பினால் அடைத்து, குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கிப் பூசுவர்.

துளை அடைக்கும்போதெல்லாம் பெரியவர் நாகூர் ஆண்டகையின் கதையைச் சொல்வார். சாகுல் ஹமீது ஆண்டகை முகச் சவரம் செய்துகொண்டிருந்த வேளையிலே, நடுக்கடலில் ஒரு கப்பலில் துளை விழுந்து அது மூழ்கத் தொடங்கியதாம். மாலுமிகள் அபயமிட்டனராம். அவர் தம் கையிலிருந்த கண்ணாடியை வீச, அது பறந்து சென்று துளையில் ஒட்டிக்கொண்டதாம். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் அவர் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றுவர். அவ்விழாவுக்கு எம் பாட்டியும் எம்மைக் கைபிடித்து அழைத்துச் சென்றதுண்டு. "எங்களிட்டக் கண்ணாடி இல்ல, மாஸ்டர். தும்புதான். நல்லா அடையுங்க" என்று கதையை முடிப்பார்.

ஏப்ரல் நடுப்பகுதியிலே ஒரு பக்கம் முழுவதும் தைத்து முடிந்தது. மறுபக்கம் பாதி. சித்திரைப் புத்தாண்டுக்குப் பெரியவர் வீட்டுக்குப் பலகாரம் அனுப்பினோம். ஏப்ரல் 21 ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு. அன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் மாண்டனர். ஏப்ரல் 26 ஆம் நாள் இரவு, எம் வீட்டிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள சாய்ந்தமருதிலே, படையினர் ஒரு வீட்டைச் சூழ்ந்தபோது உள்ளிருந்தோர் குண்டுகளை வெடிக்கச் செய்தனர், சிறுவர்களும் மாண்டனர். அவ்வீட்டில் ஐயத்துக்குரிய புதியவர்கள் வந்திருப்பதாகத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே என்பதை நாடு பின்னர் அறிந்தது. அறிந்தும், எல்லோர் மனத்திலும் அது நிலைக்கவில்லை.

ஊரடங்கு வந்தது, தளர்ந்தது. சோதனைச் சாவடிகள் வந்தன. தெருவிலே மக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது நடந்தனர். எம் பக்கத்திலே, "அந்தப் பக்கம் இப்ப போகாதேங்கோ" என்று சொல்லாதவர் இல்லை. யாரும் எம்மைத் தடுக்கவில்லை. பெரியவர் யாரென்று எமக்குத் தெரியும். அவர் முற்றத்திலே எத்தனை மாலை இருந்திருக்கிறோம்! ஆயினும் நாம் போகவில்லை. கல்லூரி தொடங்கியபின் வேலை மிகுதி என்றோம். வெயில் கடுமை என்றோம். தொலைபேசியில் ஒரு முறை அழைத்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை. வேறு யாருடைய குற்றமும் அன்று; எம்முடைய அச்சமே. கரும்பலகையிலே துணிவைப் பற்றியும் ஒற்றுமையைப் பற்றியும் பேசுவது எளிது என்பதை அந்த வாரங்களிலே நன்றாகக் கற்றோம்.

ஒரு நாள் இரவு உணவின்போது மகள் கேட்டாள்: "அப்பா, தோணிக்கு என்ன நடந்திருக்கும்?"

அக்கேள்வி தோணியை மட்டும் குறித்ததன்று என்பது அவளுக்குத் தெரிந்திருந்ததோ, இல்லையோ. பாதி தைத்த தோணி கச்சான் காற்றும் கோடை வெயிலும் பட்டுக் கிடந்தால் என்னாகும் என்பதை நாமே அவளுக்கு விளக்கியிருந்தோம். மரம் சுருங்கும், கயிறு தளரும், புதுப் பலகை முறுகும். மறுநாள் மாலை அவளையும் ஏற்றிக்கொண்டு துவிச்சக்கர வண்டியிற் புறப்பட்டோம். கடைசியாகப் போய் 43 நாட்கள் கழிந்திருந்தன. சோதனைச் சாவடியிலே இறங்கி நடந்தோம். வேலிக்கதவைத் தட்டும்போது, என்ன சொல்வதென்று வழியெல்லாம் சேர்த்துவைத்த சொற்கள் மறந்துபோயின.

தோணி இருந்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் தென்னோலை பரப்பியிருந்தது. ஓலையின் கீழே ஈரச் சாக்குகள். ஒரு சாக்கைத் தூக்கிப் பலகையைத் தொட்டோம், குளிர்ந்திருந்தது. கிணற்றிலிருந்து தோணிவரை மண்ணிலே ஈரத் தடம் ஒன்று விழுந்திருந்தது. காலையும் மாலையும் வாளியால் நீர் சுமந்து ஊற்றிய தடம். தம் வீட்டையே படையினர் சோதித்துச் சென்ற நாட்களிலும், அங்காடி பூட்டிக் கிடந்து வருமானமின்றி இருந்த நாட்களிலும், வராதவனுடைய தோணிக்கு அவர் நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நாம் ஏதோ சொல்லத் தொடங்கினோம். அவர் கையமர்த்தினார். "மரத்தைக் காய விடப்படாது, மாஸ்டர்" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "புள்ள, தும்பு எடுத்துத் தாங்க. வெளிச்சம் இருக்கக்குள்ள நாலு கண்ணி போடலாம்" என்றார். அன்று மாலை நாம் தோணிக்கு உள்ளே இருந்து இழுத்தோம். அவர் வெளியே இருந்து பிடித்தார். வேறு பேச்சு இல்லை.

இனிப் பாய் வேண்டும். மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊராயிற்றே. பாய்ச்சீலையை வேறெங்கே தேடுவது? நெசவாளர் ஒருவரிடம் தடித்த பருத்திச் சீலை கேட்டோம். "சாரன் நெய்வம், சேலை நெய்வம், தோணிக்கு உடுப்பு இதுவரைக்கும் நெய்யல்ல" என்று சிரித்துக்கொண்டே நெய்து கொடுத்தார். எம் இல்லாள், முன்பு சொன்னதையெல்லாம் மறந்தவர்போல, விளிம்பு மடித்துத் தைத்தார். பருத்தி நனைந்தால் உளுக்கும் ஆகையால், பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றிலே தோய்த்து உலர்த்தினோம். முன்னாளில் வலைகளுக்கும் இச்சாற்றையே ஊட்டுவர். வாகரைப் பக்கத்துப் பனிச்சங்கேணி என்ற ஊர்ப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் இப்பொழுது எமக்கு அந்தத் துவர்ப்பு மணமே நினைவுக்கு வருகிறது. வெண்சீலை கபில நிறமாயிற்று.

2019 ஆகஸ்டிலே தோணி வண்டி ஏறிற்று. கிட்டங்கித் துறையிலே நீரில் இறக்கினோம். இறக்கிய சிறிது நேரத்திலே எல்லாத் தையல் வழியாகவும் நீர் புகுந்து, தோணி எம் கண்முன்னே அமிழ்ந்து தரை தட்டிற்று. மகள் அழுதுவிட்டாள். பெரியவரோ வெற்றிலை மடித்தார். "ரெண்டு நாளைக்குக் கிடக்கட்டும். குடிக்க வேண்டியதைக் குடிக்கட்டும்" என்றார். மூன்றாம் நாள் நீரை இறைத்தோம். மரமும் கயிறும் பருத்து ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன. இறைத்தபின் புகுந்த நீர் ஒரு சிரட்டை அளவே.

அடியிலே ஆழமான தகடு இல்லாத இவ்வகைத் தோணி, சதுரப் பாயோடு காற்றுக்கு எதிரே செல்லமாட்டாது. பக்கவாட்டிலே வழுக்கிப் போகும். எனவே முன்னோர் காற்றோடு மல்லுக்கட்டவில்லை. அதன் கால அட்டவணையைக் கற்றுக்கொண்டனர். இரவிலே தரை விரைவாகக் குளிர்வதால் விடியற்காலையில் தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். பகலிலே தரை விரைவாகச் சூடேறுவதால் பிற்பகலில் கடலிலிருந்து தரையை நோக்கி வீசும். காலையில் ஒன்றோடு போய், மாலையில் மற்றதோடு திரும்புவது. கச்சான் கடுமையாக வீசும் நாட்களில் இக்கணக்குப் பிழைக்கும். அன்று பாயைச் சுருட்டிவிட்டுத் துடுப்பை எடுக்க வேண்டியதே. அன்று மாலை, கொண்டல் காற்று மெல்லத் தொடங்கியபோது, பெரியவர் பிற்கடையிலே துடுப்பை ஊன்றியிருக்க, நாம் பாயை உயர்த்தினோம். சீலை ஒரு முறை படபடத்து, நிறைந்து, ஓசையடங்கிற்று. தோணி நகர்ந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் எம் கால்கள் நீரின்மேல் இருந்தன. அஞ்சவில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் கை விளிம்பைப் பிடித்திருந்தபோது, கயிற்றுக் கண்ணிகளை ஒவ்வொன்றாக விரல் அறிந்தது; அவற்றிலே எவை எம்முடையவை, எவை அவருடையவை என்பதையும் அறிந்தது.

இப்பொழுது ஆண்டுதோறும் மாணவர் சிலரை அத்துறைக்கு அழைத்துச் செல்கிறோம். அவர்களுக்கு நாம் சொல்லும் கதை ஒன்றுண்டு. வல்வெட்டித்துறையிலே 1930 இல் வேப்ப மரத்தாற் கட்டப்பட்டது அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல். 89 அடி நீளம். அதை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் ரொபின்சன் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். எம் மாலுமிகள் அதை இரு பெருங்கடல்கள் கடந்து செலுத்தி, 1938 இல் மசச்சூசற்ஸ் மாநிலத்துக் குளொசெஸ்ரர் துறைமுகத்திலே சேர்த்தனர். சுலோக்கம் உலகைச் சுற்றப் புறப்பட்டபோது தங்கிச் சென்ற துறைமுகங்களில் அதுவும் ஒன்று. பழைய கப்பலாகக் கைமாறியதையே அத்துணைத் தூரம் செலுத்திய கைகள் நம்முடையவை. அத்தகைய கைகளில் இன்று எம் கரையிலே எஞ்சியிருப்பவை எத்தனை என்று மாணவரைக் கேட்போம். அவர்கள் பெரியவரின் கையைப் பார்ப்பார்கள்.

தைத்த தோணியைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரித்துத் தைக்க வேண்டும். ஆணி அறைந்ததைப்போலச் செய்துவிட்டு மறந்திருக்க இயலாது. இவ்வாண்டு எம் தோணிக்கு அம்முறை வந்தது. பெரியவர் எண்பதை எட்டிவிட்டார், கண்ணிலே புரை. தையல் போட்டவர்கள் நாமும், எம் மகளும், அவருடைய பேரனுமே. அவர் தோணியருகே நாற்காலியில் அமர்ந்து, தையல் வழியே விரலை மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார். நடுவிலே ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்தக் கண்ணி தளர்ந்திருக்கு" என்றார்.

அது நாம் போட்ட கண்ணி. கட்டையைச் செருகி மீண்டும் நெம்பினோம். அவர் மறுபுறம் கை நீட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.